ஸ்கிம்மர் வாங்கும் முன் சம்ப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல் நீர்த் தொட்டி வைக்கப் போகிறேன். கேபினெட்டுக்குள் சம்ப் (தொட்டி நீர் இறங்கிச் சுற்றி வரும் கீழ்த் தொட்டி) வரும். இரண்டு க்ளவுன் மீன், நாலைந்து சின்ன மீன்கள், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்), இவ்வளவுதான் திட்டம். கொளத்தூரில் ஒரு கடையில் 1,000 லிட்டருக்கான ப்ரோட்டீன் ஸ்கிம்மரை (நீரிலுள்ள கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) காட்டி, “பெரிசா வாங்கிட்டா கவலையே இல்ல” என்றார்கள். பக்கத்துக் கடையில் பாதி விலைக்குச் சின்னது தருகிறார்கள். எதை வாங்கலாம்? – ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டையும் இன்றைக்கு வாங்காதீர்கள். முதலில் டேப் எடுத்து சம்ப்பை அளந்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

உங்கள் தொட்டி 9 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் என்று வைத்தால் சுமார் 250 லிட்டர். பாறையும் மணலும் அடைக்கும் இடத்தை சம்ப்பில் நிற்கும் நீர் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். ஸ்கிம்மர் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கானது. மீன் நிறைந்த தொட்டிக்கு என்று இன்னொரு எண், அதைவிடக் குறைவாக, உள்ளே கையேட்டில் இருக்கும். அந்த இரண்டாவது எண் 250 முதல் 350 லிட்டருக்குள் இருந்தால் உங்களுக்குச் சரி.

பெரியது ஏன் கூடாது? ஸ்கிம்மர் வடிகட்டி அல்ல, நுரை தயாரிக்கும் குழாய். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் உள்ள புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். அதனால் அவை காற்றுக்குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, குழாயின் கழுத்து வழியாக மேலே உள்ள கப்பில் விழுகின்றன. அழுகி அமோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியேறிவிடுகின்றன. கழுத்து அகலமாக இருந்து, தொட்டியில் கழிவு குறைவாக இருந்தால் நுரைக்கு நிற்கும் பலம் கிடைக்காது. பாதி வழியில் உடைந்து திரும்ப விழும். நாலு நாள் வெறும் கப், ஐந்தாம் நாள் திடீரென்று வழியும். ஆறேழு மீனுக்கு 1,000 லிட்டர் ஸ்கிம்மர் வைத்தால் இதுதான் நடக்கும்.

விலையைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் சில ஸ்கிம்மர்களைச் சோதித்து எழுதினார். நீரில் உள்ள கரிமக் கார்பனில் (கரைந்த கழிவைக் காட்டும் அளவு) ஏறக்குறைய 20 முதல் 35 சதவீதத்தைத்தான் அவை எடுத்தன. மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசமும் இல்லை. எனவே கூடுதல் பணம் கொடுத்தால் நீர் அந்த அளவுக்குக் கூடுதல் சுத்தமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நல்ல பம்ப், சத்தமில்லாத ஓட்டம், எளிதில் கழுவும் வசதி, கிடைக்கும் உதிரிபாகம், இவற்றுக்காகக் கொடுங்கள்.

சரி, டேப்புக்கு வருவோம். சம்ப்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 18 முதல் 23 சென்டிமீட்டர் ஆழ நீரில் நிற்க வேண்டியவை. சரியான ஆழம் கையேட்டில் இருக்கும். உங்கள் சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டம் எவ்வளவு, அது மாறாமல் நிற்குமா என்று பாருங்கள். ஆழம் கூடினால் அடியில் பலகை வைத்து உயர்த்தலாம், குறைந்தால் வழியில்லை. பிறகு உயரம். ஸ்கிம்மர் உள்ளே நின்றால் மட்டும் போதாது, கப்பைத் தூக்கி எடுக்க மேலே இடம் வேண்டும். என் முதல் தொட்டியில் கப்பைக் கழற்றினால் கேபினெட் பலகை இடித்தது. ஒவ்வொரு முறையும் பம்ப்பை நிறுத்தி ஸ்கிம்மரையே சாய்க்க வேண்டும். அலுப்பில் கழுவுவதைத் தள்ளிப்போட்டேன், கழுத்தில் கசடு படிந்து நுரை ஏறுவதே நின்றுவிட்டது. வாரம் இரண்டு முறை கழுத்தைத் துடைக்காத ஸ்கிம்மர் எவ்வளவு விலையானாலும் வீண்.

பம்ப்: ஏசி பம்ப் எளிமையானது, விலை குறைவு. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தது என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவுக்கான 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பம்ப்பை இங்கே நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைத்து ஓட்டினாலும் 50 ஹெர்ட்ஸில் வேகம் குறையும், காற்றும் குறையும். டிசி பம்ப் சத்தம் குறைவு, வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கன்ட்ரோலர் போனால் எல்லாம் நின்றுவிடும். எதுவானாலும் “தனி இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் பகுதி) உங்களிடம் இருக்கிறதா, என்ன விலை?” என்று கேளுங்கள். எடுத்துக் காட்டும் கடையில் வாங்குங்கள்.

மின்வெட்டையும் நினைவில் வையுங்கள். கரண்ட் போனால் மேல்தொட்டி நீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயரும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் ஆழத்தில் நின்றபடி ஓடத் தொடங்கி கப் வழியும். தானாக நன்னீர் நிரப்பும் கருவியும் வைத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். உப்பு நீர் வெளியே போகப் போக நன்னீர் உள்ளே வந்து உப்பளவு இறங்கிவிடும். கரண்ட் வந்தபின் சில நிமிடம் தாமதித்து ஸ்கிம்மரை ஓடவிடும் டைமர் மலிவாகவே கிடைக்கிறது, அவசியம் மாட்டுங்கள்.

அப்புறம், பாறை வாங்கும்போது மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளம் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவை கடலிலேயே இருக்கட்டும்.

கேள்வி: புது ஸ்கிம்மர் மாட்டி ஒரு வாரம் ஆகிறது. கப்பில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஸ்கிம்மரின் உடல் பகுதி முழுக்கப் பால்போல் குமிழ் நிறைந்திருக்கிறதா? காற்றுக் குழாயின் வாயை விரலால் மூடினால் குமிழ் குறைகிறதா? இரண்டும் ஆம் என்றால் ஸ்கிம்மர் நன்றாகவே இருக்கிறது. புது அக்ரிலிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போக ஒன்றிரண்டு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் எடுக்கக் கழிவும் இருக்காது. தீவனம் போட்டதும், தொட்டிக்குள் கை விட்டதும் சில மணி நேரம் நுரை அடங்குவது இயல்பு.

குமிழே வரவில்லை, பம்ப் சுற்றவில்லை என்றால் அது பழுது. பம்ப் ஓடும் வீடியோவையும் பில்லையும் வைத்துக்கொண்டு வாரண்டியைக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நிரூபிப்பது கடினமாகிவிடும்.

கேள்வி: 40 லிட்டர் தொட்டி, ஒரே ஒரு க்ளவுன் மீன். ஸ்கிம்மர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாரம் 5 லிட்டர் நீரை மாற்றினால் போதும். அந்தப் பணத்தில் நல்ல உப்பும், உப்பளவு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்குங்கள்.