எடை கூடினால் டிஸ்க் தேயுமா?

கேள்வி: வயது 41, உயரம் 165 செ.மீ., எடை 92 கிலோ. எம்.ஆர்.ஐ.யில் கீழ்முதுகின் எல்4-எல்5 டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) தேய்ந்திருக்கிறது. உடல் பாரம்தான் காரணம் என்றால், கழுத்து டிஸ்க்கும் ஏன் தேய்ந்திருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. பாரம் பாதிக் கதைதான். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) சுமார் 34, அது உடல் பருமன். தொப்பை முன்னால் இழுக்க, அதைச் சமன்செய்ய முதுகுத் தசைகள் ஓயாமல் இறுகுகின்றன. அந்த இறுக்கமும் சேர்ந்தே கீழ் டிஸ்க்குகளை நசுக்குகிறது.

மறுபாதி ரசாயனம். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய குருத்தெலும்புத் தட்டு வழியாகத்தான் சத்து கசிந்து வருகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், அழற்சிப் பொருள்கள் ஆகியவை உடல் முழுக்கச் சுற்றி, டிஸ்க்கின் நடுக்கூழில் நீரைப் பிடித்துவைக்கும் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. கூழ் வறண்டால் வெளிவளையம் விரிசல் விடும். பாரம் அதிகம் ஏறாத கழுத்தும் தேய்வதில் இதற்குப் பங்கு இருக்கலாம். வயது, பரம்பரை, புகைப்பழக்கம் ஆகியவையும் காரணங்கள். புகைத்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

தேய்ந்த டிஸ்க் பழையபடி ஆகாது. ஆனால் வலி குறையும். முதல் இலக்கு, ஆறு மாதத்தில் 5 முதல் 9 கிலோ எடை குறைப்பது. சமதளத்தில் 10 நிமிட நடையில் தொடங்கி, வாரம் 150 நிமிடத்துக்கு உயர்த்துங்கள். குதிப்பதும், குனிந்தபடி எடை தூக்குவதும் இப்போது வேண்டாம். பட்டினி கிடந்தால் தசையும் கரையும். முதுகைத் தாங்குவதே அதுதான்.

பாதம் தொய்ந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.