மாற்று ஈரலின் நாடி ஒடுங்கினால்: மல்லாவி வாசகிக்குப் பதில்

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு எட்டு மாதத்துக்கு முன் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் வாசகியின் தம்பி. போன மாதம் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயான நாடி ஒடுங்கியிருப்பது தெரியவந்து, அதை விரித்து வைத்திருக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அவருக்கு ஒரு வலியும் இருக்கவில்லை. பிறகு எப்படி இது வந்தது? திரும்ப வருமா? எதைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? பெரும்போகத்துக்கு வயலில் இறங்கலாமா? தம்பிக்கும் இப்படி ஆகுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வலி இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் வலியை நம்பிக் காத்திருக்க முடியாது.

ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழியால் வருகிறது. குடல் பக்கமிருந்து வரும் வாயில் நாளம் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கொண்டுவரும். மீதி கால் பங்கு ஈரல் நாடி வழியாக வரும். அதனால் நாடி ஒடுங்கினாலும் ஈரல் உடனே படுத்துவிடாது. பித்தக்குழாய்களின் கதை வேறு. அவை நாடியை நம்பியே இருக்கின்றன. மற்றவர்களுக்கு அக்கம்பக்கத்துச் சிறு நாடிகளும் கொஞ்சம் கைகொடுக்கும். மாற்று ஈரலில் அவை சத்திரசிகிச்சையின்போதே வெட்டுப்பட்டுவிடுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைசியில் இருக்கிற வயல் முதலில் காய்வதுபோல, நாடியில் ஓட்டம் குறைந்தால் முதல் அடி பித்தக்குழாய்க்குத்தான். அதன் சுவர் புண்ணாகி, ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். பித்தம் தேங்கும், தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகும், சிலருக்கு ஈரலுக்குள் சீழ் கட்டும். இவ்வளவும் பெரிய வலி இல்லாமலே நடக்கலாம். புதிய ஈரலுக்குப் போகும் நரம்புகளும் வெட்டுப்பட்டவைதானே.

ஏன் வந்தது? உயிரோடு இருப்பவர் கொடுக்கும் ஈரல் துண்டில் உள்ள நாடி பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலம்தான். அதைப் பெருப்பித்துக் காட்டும் கண்ணாடியின் உதவியோடு தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும் இடத்தில் தழும்பு தடித்தால் நாடி ஒடுங்கும். நீங்கள் சமைத்துக் கொடுத்ததாலோ, அவர் எழுந்து நடமாடியதாலோ வந்ததில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அதை விட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்று: அவர் புகைப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். இந்த நாடிக்கு சிகரெட்டும் சுருட்டும் நேரடி எதிரி.

திரும்ப வருமா என்றால், ஒரு பகுதியினருக்கு வருகிறது. அதனால்தான் டொப்ளர் தவணைகள் தருகிறார்கள். ஆள் நன்றாக இருக்கிறார், கொழும்புப் பயணம் அலைச்சல் என்று ஒரு தவணையையும் விட வேண்டாம். முடிந்தால் ஒவ்வொரு அறிக்கையிலும் ஈரல் நாடிக்கு நேரே எழுதியிருக்கும் ஆர்.ஐ. (RI, இரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் அளவு) என்ற எண்ணைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு குறித்து வையுங்கள். பொதுவாக 0.5 முதல் 0.8 வரை இருக்கும். 0.5க்குக் கீழே இறங்கினால் நாடி ஒடுங்கியிருக்கலாம் என்று சந்தேகித்து, சீ.ரீ. (CT) ஸ்கான் எடுத்து உறுதிசெய்வார்கள். ஒரு எண்ணை மட்டும் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் ஸ்கான் செய்யும் வைத்தியருக்குப் பழைய எண்கள் வரிசையாகக் கையில் கிடைப்பது மிகப் பெரிய உதவி.

ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கின்றன. பல் பிடுங்க வேண்டும் என்றாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் மாற்றுச் சிகிச்சைக் குழுவைக் கேளுங்கள். டெங்கு என்றால் மட்டும் நிலைமை மாறும். அப்போது இந்த இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டலாம். அதனால் காய்ச்சலோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலில் முதலில் சொல்ல வேண்டியது: "ஈரல் மாற்றியவர், நாடியில் ஸ்டென்ட் இருக்கிறது, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறார்."

எதைக் கண்டால் ஓட வேண்டும்? 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட்டைத் தொட்ட எந்தக் காய்ச்சலும். குளிரெடுத்து உடம்பு நடுங்கினால் காய்ச்சலை அளந்துகொண்டு நிற்கவும் வேண்டாம். நம் ஊர்களில் காய்ச்சலுக்கு இரண்டு பனடோலைக் கொடுத்துப் படுக்கவைத்து, விடியப் பார்ப்போம் என்பது வழக்கம். இவருக்கு அது கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், பித்தக்குழாயில் உள்ள கிருமியை ஒன்றும் செய்யாது. கண் மஞ்சளாவதைக் குமிழ் வெளிச்சத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காலையில் முற்றத்து வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்து வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால், மலம் வெளிறினால், உடம்பெல்லாம் சொறிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மற்ற இரத்தக்குழாய்களிலும் சிக்கல் வரலாம். வாயில் நாளம் அடைத்தால் வயிறு நீர் கோர்க்கும், இரத்தமாக வாந்தி வரும் அல்லது மலம் தார்போல் கறுக்கும். ஈரலிலிருந்து வெளியேறும் நாளம் ஒடுங்கினால் வயிறும் காலும் வீங்கி நிறை ஏறும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எங்கே போவது? முதலில் கிட்டிய ஆஸ்பத்திரி. மல்லாவியிலிருந்து நேரே கொழும்புக்கு வான் பிடித்துப் பல மணித்தியாலம் இழுபடுவது ஆபத்து. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அழையுங்கள். மல்லாவியிலோ கிளிநொச்சியிலோ இரத்தம் எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தொடங்கி, அங்கிருக்கும் வைத்தியர் சத்திரசிகிச்சை செய்த குழுவோடு பேசட்டும். மேலே அனுப்புவதை அவர்கள் முடிவுசெய்வார்கள். இதற்காக இப்போதே குழுவிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள்: சத்திரசிகிச்சைத் திகதி, ஸ்டென்ட் வைத்த திகதி, மருந்துகளும் அளவும், இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொப்பியோடு வையுங்கள். படம் பிடித்து உங்கள் ஃபோனிலும் தம்பியின் ஃபோனிலும் வைத்திருங்கள்.

புதிய ஈரலை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் குளிசை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கிளினிக் நாளில் இரத்தம் எடுத்த பிறகுதான் காலைக் குளிசை. முன்பே விழுங்கினால் அளவு பிழையாகக் காட்டும். வயிற்றோட்டம் இரண்டு நாள் நீடித்தாலும் இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் கூடலாம், உடம்பின் நீரும் வற்றும். நீர் வற்றி அழுத்தம் விழுவது ஒடுங்கிய நாடிக்கு நல்லதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருப்பதை அவருக்காக வேறு யாராவது ஏற்கட்டும். ஜம்போலாப் பழம் வேண்டாம். மூட்டு நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூஃபன் எதுவும் வேண்டாம். டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், அஸ்பிரினோடு சேர்ந்து இரத்தம் கசியவைக்கும். கீழ்காய்நெல்லிச் சாறு ஈரலுக்கு நல்லது என்று அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துவிட்டு, குழுவைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மாரி தொடங்கும் முன் இரண்டு கிழமைக்கு மேலதிக மருந்து வீட்டில் இருக்க வேண்டும்.

வயலுக்கு வருவோம். வரம்பில் நின்று வேலை பார்ப்பிக்கலாம், கணக்குப் பார்க்கலாம். சேற்றில் இறங்குவதை இந்தப் பெரும்போகத்துக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் சேற்றுத் தண்ணீரால் வரும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிற ஒருவருக்கு அது கடுமையாகலாம். அதிலும் காய்ச்சலும் மஞ்சளும்தான் வருகின்றன, பித்தக்குழாய்ப் பிரச்சினையா எலிக்காய்ச்சலா என்று பிரித்தறிவதற்குள் நேரம் போய்விடும். மூட்டை தூக்குவதைக் குழு சொன்ன பிறகு பார்க்கலாம்.

தம்பியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அவரிடம் மிஞ்சிய ஈரலுக்கு அவருடைய பழைய நாடிதான் இரத்தம் கொடுக்கிறது. அதை வெட்டித் தைக்கவில்லை. ஆகவே கணவருக்கு வந்த ஒடுக்கம் அவருக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. மிஞ்சிய ஈரல் சில மாதங்களில் வளர்ந்து தேவையான அளவுக்கு வந்துவிடும். அவருக்கும் தவணை கொடுத்திருப்பார்கள். அத்தானைக் கூட்டிப் போகும் நாளிலேயே தன் இரத்தப் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.