டாஷ்போட் முழுக்க லைற்: சொகுசு ஹைபிரிட் கார்க் கேள்வி-பதில்

கொக்குவில் வாசகர்: கொழும்பில் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தால் லெக்சஸ் சீரி 200எச் கதவே திறக்கவில்லை. சாவியால் திறந்து ஸ்ராட் பண்ணினால் எச்சரிக்கை லைற் எல்லாம் எரிகிறது. ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பெரிய பற்றரியைக் குற்றஞ்சாட்ட நீங்கள் சொன்னதில் ஒரு தடயமும் இல்லை. காரை ஓட்டுவது 201.6 வோல்ற் பற்றரி. காரை எழுப்புவது டிக்கிக்குள் இருக்கும் 12 வோல்ற் பற்றரி. கொம்பியூட்டர்கள், கதவுப் பூட்டு, பெரிய பற்றரியை இணைத்துவிடும் ரிலே எல்லாம் சின்னதை நம்பியே இருக்கின்றன. அது இறங்கிவிட்டால் பெரியதில் சார்ஜ் நிறைய இருந்தாலும் கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ லைற் வராது. வோல்ற்றேஜ் குறைந்த கொம்பியூட்டர்கள் அரைத்தூக்கத்தில் ஒன்றையொன்று காணவில்லை என்று முறையிடும். டாஷ்போட் நல்லூர்த் திருவிழாவாக மாறுவது அதனால்தான்.

முதலில் மீற்றரை வையுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற பற்றரியில் 12.6 வோல்ற் இருந்தால் நல்லது. 12.0 என்றால் காலி. பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் உள்ள ஜம்ப் முனையில் வேறொரு பற்றரியிலிருந்து கரண்ட் கொடுத்து ‘ரெடி’க்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள்: 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். ஹைபிரிட்டில் ஓல்ற்றநேற்றர் கிடையாது, அந்த வேலையை டிசி-டிசி கொன்வேர்ட்டர் செய்கிறது. ஏறாவிட்டால் தேடவேண்டிய இடம் அதுதான்.

ஏறியும் இரண்டு நாளில் மறுபடி இறங்கினால், பற்றரிக்கு வயதாகிவிட்டது அல்லது ஏதோ ஒன்று கள்ளமாகக் கரண்ட் இழுக்கிறது. காரைப் பூட்டி, கொம்பியூட்டர்கள் உறங்க ஒரு மணி நேரம் விட்டு, அம்பியரை அளவிடுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் போனால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். என் முதல் சந்தேகம் எப்போதும் கார் வாங்கிய பிறகு பூட்டிய டாஷ் கமராவிலும் அலாரத்திலும்தான். ஸ்மாட் கீயைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கவிட்டாலும் கார் சரியாக உறங்காது.

புதுப் பற்றரி போடுவதென்றால் வாயுவை வெளியே விடும் குழாய் பூட்டக்கூடிய, அசிட் சிந்தாத ஏஜிஎம் வகைதான். மலிவென்று சாதாரண அசிட் பற்றரியை டிக்கிக்குள் வைத்தால் ஐதரசன் வாயு நீங்கள் இருக்கும் இடத்துக்கே வரும்.

உரும்பிராய் வாசகி: அண்ணா கனடாவில். அவருடைய ஹைபிரிட் எங்கள் வளவில் நிற்கிறது. எப்படிப் பராமரிப்பது?

கிழமைக்கு ஒருதடவையாவது ‘ரெடி’யில், கியர் ‘பி’யில் அரை மணி நேரம் விடுங்கள். ‘என்’னில் பெரிய பற்றரி சார்ஜ் ஆகாது. ‘ரெடி’க்கு வராமல் பாட்டுக் கேட்டால் சின்னப் பற்றரி இறங்கும். பருத்தித்துறை வரை ஓடிவிட்டு வந்தால் இன்னும் நல்லது, பிரேக் டிஸ்க்கும் துருப்பிடிக்காது.

சுன்னாகம் வாசகர்: லெக்சஸ் ஆர்எக்ஸ் 450எச். ஏசிக்கு காஸ் அடித்ததிலிருந்து, ஏசி போட்டால் ஹைபிரிட் சிஸ்டம் எச்சரிக்கை வருகிறது. ஸ்கானரில் பி0ஏஏ6. பற்றரிக் கரண்டை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டர் பழுது என்கிறார்கள்.

காஸ் அடித்த கதையை எழுதியது நல்லதாயிற்று, விடை அதற்குள்தான் இருக்கிறது. பி0ஏஏ6 என்றால் உயர் மின்னழுத்தப் பக்கத்திலிருந்து கார் பொடிக்குக் கரண்ட் கசிகிறது என்பது மட்டுமே பொருள். எங்கே என்பதைக் கூடவே வரும் தகவல் எண் சொல்லும்: 611 ஏசி, 612 பற்றரி, 613 மோட்டார்ப் பக்கம், 614 இன்வேர்ட்டரும் கேபிளும் உள்ள டிசி பக்கம். மலிவு ஸ்கானர் இதைக் காட்டாது. டொயோட்டாவுக்குரிய மென்பொருள் உள்ள இடத்துக்குப் போங்கள்.

611 வருமென்றே நினைக்கிறேன். உங்கள் கொம்பிரசரை பெல்ற் சுற்றுவதில்லை. உயர் மின்னழுத்த மோட்டார் ஒன்று காஸுக்கும் எண்ணெய்க்கும் நடுவே சுழல்கிறது. அதற்கு மின்கடத்தாத என்டி-11 எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரண கார்களின் பிஏஜி எண்ணெய், கேஜ் குழாயில் ஒட்டியிருந்து கொஞ்சம் போனாலும் காப்புத்தடை சரிந்துவிடும். கொம்பிரசரைக் கழற்றி வைத்து காப்புத்தடையை அளக்கும் மெகரால் அளந்தால் சந்தேகம் தீரும். எண்ணெய் கலந்தது உறுதியானால் கொம்பிரசரோடு முழுத் தொகுதியையும் கவனிக்க வேண்டும், செலவுதான். ஆனால் இன்வேர்ட்டர் வாங்கிப் பூட்டிய பிறகும் அதே லைற்றைப் பார்ப்பதைவிடக் குறைவு.

இதை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். பற்றரி 288 வோல்ற், இன்வேர்ட்டர் அதை 650 வரை உயர்த்தும். பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்து, 1000 வோல்ற் கையுறையுடன், பூச்சியம் என்று அளந்து பார்த்த பிறகே செம்மஞ்சள் கேபிளில் கை வைக்கலாம்.

மானிப்பாய் வாசகர்: பக்கத்து வீட்டு வானுக்கு என் ஹைபிரிட்டிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா?

வேண்டாம். வாங்கலாம், கொடுக்கக்கூடாது.

காரைநகர் வாசகர்: இன்னொரு சீரி 200எச், பி0ஏ80. பற்றரி முடிந்ததா?

இருக்கலாம், பெரிய பற்றரி களைத்துவிட்டது என்று கார் சந்தேகிக்கும்போது வரும் எண் அது. முதலில் பின் சீற் பக்கத்துக் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். செம்மண் தூசி அடைத்தால் பற்றரி வெந்து போகும். அடுத்தது, ஏற்றத்தில் இழுக்கும்போது பற்றரிக்குள் உள்ள 14 தொகுதிகளின் (இரண்டு மொடியூல் சேர்ந்தது ஒரு தொகுதி) வோல்ற்றேஜையும் ஸ்கானரில் ஒப்பிடுங்கள். ஒன்றே ஒன்று ஒவ்வொரு தடவையும் ஒரு வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அது களைத்துவிட்டது. உங்கள் ஊர்க் கடற்காற்றில் செப்புத் தகடுகளும் அளவீட்டு வயர் முனைகளும் பச்சை பூத்திருக்கவும் கூடும், அப்படியானால் துப்புரவாக்கிய பின் மறுபடி அளவிடுங்கள். களைத்த மொடியூலை மட்டும் மாற்றிக் கொஞ்சக் காலம் ஓட்டலாம். மற்றவையும் அதே வயது என்பதால் நான் அதற்குக் காசு கொடுக்கமாட்டேன்.

சாவகச்சேரி வாசகர்: வீட்டுப் பிளக்கில் சார்ஜ் செய்யும் ஹைபிரிட், பிஎம்டபிள்யூ 530ஈ. கொழும்பு வீட்டில் வேலை செய்த சார்ஜர் இங்கே சிவப்பு லைற் காட்டுகிறது.

பெரும்பாலும் சார்ஜர் பழுதில்லை, உங்கள் வீட்டு ஏர்த் பழுது. அந்தச் சார்ஜர் ஏர்த் சரியில்லாமல் கரண்டை விடாது. பழைய வீடுகளில் ஏர்த் கம்பி காய்ந்த மண்ணில் துருப்பிடித்துக் கிடக்கும், பிளக்கில் ஏர்த் வயரே பூட்டாததும் உண்டு. வயர்மனிடம் ஏர்த் தடையை அளக்கச் சொல்லி, வேண்டுமானால் புது ரொட் அடித்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சோடு தனி லைன் இழுங்கள். பிளக்குக்குள் நியூட்ரலையும் ஏர்த்தையும் இணைத்தால் சிவப்பு லைற் அணைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்புங்கள்: நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பொடியில் 230 வோல்ற் ஏறும். அளவீட்டை மாரியில் எடுக்காமல் கோடையில் எடுப்பது நல்லது, ஈர மண்ணில் எந்த ரொட்டும் நல்ல கணக்குத்தான் காட்டும்.