சுற்றாத ரோட்டேட்டரும் கச்சான் காற்றும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், ராமநாதபுரம் கடற்கரையில் பாதி ஹாம்கள் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) ஆன்டெனாவை ஒரே திசையில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் உச்சிப்புளியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். பகலில் கிணற்று மோட்டார், ராத்திரி ரேடியோ. பதிலிலும் கொஞ்சம் வார்னிஷ் வாடை அடிக்கும்.

“அண்ணே, துபாயிலிருந்து வரும்போது பழைய ஹாம்-4 ரோட்டேட்டர் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு வருஷம் நன்றாகச் சுற்றியது. இப்போது சுவிட்சை அழுத்தினால் பிரேக் விடுகிற ‘டக்’ கேட்கிறது, அப்புறம் உறுமிக்கொண்டே நிற்கிறது. மோட்டார் போய்விட்டதா? இறக்க ஆள் கூப்பிடட்டுமா?” (கீழக்கரை வாசகர்)

ஆளைக் கூப்பிடாதீர்கள். பிரேக் விடுகிறது, உறுமுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான். இந்த மாடலில் அது மேலே இல்லை, உங்கள் மேஜையில் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 120 முதல் 140 மைக்ரோஃபாரட், ஏசி கெப்பாசிட்டர். வருஷம் ஆக ஆக உள்ளே காய்ந்துபோய் மதிப்பு இறங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டாம். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அதே ரகம். 120 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் என்று கேட்டால் எந்த ரீவைண்டிங் கடையிலும் கொடுப்பார்கள். வோல்ட் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. உருவம்தான் பெரிது, பெட்டிக்குள் இடம் பார்த்துக் கட்டுங்கள். ஃபேன் கெப்பாசிட்டரைப் போட்டுப் பார்க்காதீர்கள். அது இரண்டரை மைக்ரோஃபாரட், யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதிலும் சரியாகவில்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாக்ஸின் பின்னால் எட்டு ஒயரையும் கழற்றி, மேலே போகிற ஒயர்களை மீட்டரில் அளந்து பாருங்கள். 1க்கும் 4க்கும், 1க்கும் 8க்கும் இடையே இரண்டரை ஓம் அளவு காட்ட வேண்டும். அது மோட்டார் சுருள். 1க்கும் 2க்கும் இடையே ஒரு ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. அது பிரேக் சுருள். 3க்கும் 7க்கும் இடையே 500 ஓம். அது திசை காட்டும் பாட் (பொட்டன்ஷியோமீட்டர்). கேபிளின் ஓமையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 30 மீட்டர் ஓடும் 0.5 சதுர மி.மீ. ஒயர் என்றால் போக வர இரண்டு ஓமுக்கு மேல் வந்துவிடும். ஒரு ஓம்கூட இல்லாத பிரேக் சுருளுக்கு முன்னால் இரண்டு ஓம் கேபிள் நின்றால் பிரேக் எப்படி இழுக்கும்? அதனால்தான் 1, 2 இரண்டுக்கும் தடித்த ஒயர் போடச் சொல்கிறார்கள். 1.5 சதுர மி.மீ. போட்டால் அதே தூரத்துக்கு 0.7 ஓம்தான்.

இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருஷம் முன்னால் ஆனி மாதம், கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிற நேரத்தில், ரோட்டேட்டர் நின்றது. மோட்டார்க்காரன் மூளை மோட்டாரைத்தானே சந்தேகப்படும்? மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறக்கினேன். கவிழ்த்து வைத்துத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பால்ரஸ் குண்டெல்லாம் கொட்டிவிடும் என்று தெரியும். அதனால் வீட்டுச் சுளகை எடுத்து அதற்குள் வைத்துத்தான் திறந்தேன். உள்ளே ஒரு குளவிக்கூடு இருந்தது, அவ்வளவுதான். சுருள் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. குறை எங்கே இருந்தது தெரியுமா? மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நானே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ஒரு சாண் வெட்டிப் பார்த்தேன், உள்ளே கறுப்பு. ஒரு முழம் வெட்டினேன், அப்போதும் கறுப்பு. உப்பு ஈரம் இன்சுலேஷனுக்குள் இழை இழையாக ஏறிப் போயிருக்கிறது. கேபிளையே மாற்றினேன், படகுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராக. அதன் பிறகு மேலே ஏறுவதற்கு முன் மீட்டரை எடுக்கிறேன். சுளகு பாழானதற்கு வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

இன்னொன்று. உங்களுடையது துபாயில் ஓடிய பெட்டி, 220 வோல்ட். அமெரிக்காவிலிருந்து நேரே வந்தால் 120 வோல்ட் பெட்டியாக இருக்கும். அதை நம் பிளக்கில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து என் கடைக்கு வரும்.

“என்னிடம் இருப்பது யேசு (Yaesu) கம்பெனி ரோட்டேட்டர். ஆன்டெனா ஒழுங்காகத் திரும்புகிறது, காட்டும் முள் மட்டும் துள்ளுகிறது. மழை நாளில் அதிகம்.” (தொண்டி வாசகர்)

கடைசி மூன்று வார்த்தையில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். எப்போதும் ஒரே இடத்தில் துள்ளினால் பாட் தேய்ந்திருக்கிறது. மழையைப் பார்த்துத் துள்ளினால் கனெக்டருக்குள் தண்ணீர். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். கண்ணாடி ஒட்டுகிற, புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கானை மட்டும் அப்பாதீர்கள். அந்தக் காடிதான் செம்பைத் தின்னும்.

“எந்த கிரீஸ் போடுவது? போட் இன்ஜினுக்கு வாங்கியது ஒரு டப்பா இருக்கிறது.” (ஏர்வாடி வாசகர்)

லித்தியம் கிரீஸ் என்றால் போடலாம். பழையதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, பல்லுக்கும் குண்டுக்கும் மெல்லியதாகப் பூசினால் போதும். பணியாரச் சட்டி மாதிரி நிரப்பினால் வெயிலில் உருகி பாட் மேலும் பிரேக் மேலும் வடியும்.

கிரீஸ் கட்டாயம் தேவைப்படுவது இன்னொரு இடத்தில், யாரும் போடுவதில்லை: வெளி போல்ட்டுகள். கூடு அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ், நடுவே உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து போல்ட் வெல்டிங் வைத்தது போல் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போதே மரையில் ஆன்டிசீஸ் (போல்ட் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவுங்கள். பிடித்துவிட்டால் சுத்தியலைத் தொடாதீர்கள். துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் சூடு காட்டிக் கழற்றுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் தகட்டை வேண்டுமென்றே வெளியில் மாட்டுகிற ஊரில் நாம் ரோட்டேட்டரை மாட்டுகிறோம்.

“கிழக்கே யாழ்ப்பாணம் பக்கம் திருப்பும்போது மட்டும் முனகி நிற்கிறது. மற்றத் திசையெல்லாம் சரி.” (தேவிபட்டினம் வாசகர்)

ஒரு திசையில் மட்டும் என்றால் மின்சாரக் கோளாறாக இருப்பது அபூர்வம். ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிள் சுற்றிக்கொண்டு இழுக்கிறதா என்று கீழிருந்தே பாருங்கள். சுற்றுக்கு வேண்டிய தளர்ச்சி விட்டிருக்க வேண்டும். அது சரியென்றால் ஆன்டெனாவைத் தாங்கும் குழாய் நடு மையத்தில் இல்லை. மேல் பேரிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு முழுச் சுற்று விட்டு, குழாய் தானாக உட்கார்ந்த இடத்தில் மறுபடி முடுக்குங்கள்.

வடக்கு எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரும்புக் கோபுரத்தின் கீழே காம்பஸ் பொய் சொல்லும். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 9 டிகிரி உயரத்தில்தான் தெரியும். மேகமில்லாத ராத்திரியில் அதற்கு நேரே ஆன்டெனாவை வைத்து முள்ளைத் திருத்துங்கள்.

“புயல் சமயத்தில் பிரேக்கைப் போட்டு வைப்பதா, விடுவதா?” (பாம்பன் வாசகர்)

உங்கள் ஊர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதும் சின்ன ஆன்டெனாவை இறக்கிவிடுங்கள். இறக்க முடியாத பெரிசு என்றால் பூமின் (ஆன்டெனாவின் நீளத் தண்டு) இரண்டு முனையிலும் நைலான் கயிறு கட்டி இழுத்து நிறுத்துங்கள். காற்றின் பாரம் கயிற்றில் விழட்டும், பல்சக்கரத்தில் வேண்டாம். கன்ட்ரோல் கேபிளையும் பிடுங்குங்கள். கோஆக்ஸைக் கழற்றிவிட்டு இதை மறந்து, இடியில் பெட்டியைத் தொலைத்தவர்கள் உண்டு.

“சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது கேட்க ஆசை. ரோட்டேட்டர் வாங்கப் பணம் இல்லை. கார் வைப்பர் மோட்டாரில் செய்யலாமா அங்கிள்?” (தங்கச்சிமடம், கல்லூரி மாணவி)

செய்யலாம், வைப்பர் மோட்டாருக்குள் வார்ம் கியர் இருக்கிறது, இழுவையும் உண்டு. ஆனால் உனக்கு இப்போது வேண்டாம்மா. அது ஒரு தடவை கடந்து போவதே பத்து நிமிஷத்துக்குள்தான், அதற்குள் கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்ப இரண்டு மோட்டார் கேட்கும். 145.800 மெகாஹெர்ட்ஸில் வை, மூன்று எலிமென்ட் யாகியை (குறுக்குக் கம்பிகள் வைத்த, ஒரு திசை பார்க்கும் ஆன்டெனா) கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நில். சத்தம் மங்கினால் மணிக்கட்டைத் திருகிப் பார். எந்த மோட்டாரும் அவ்வளவு வேகமாகத் திரும்பாது. என்னிடம் அப்படி ஒரு யாகி சும்மா கிடக்கிறது. அப்பாவோடு உச்சிப்புளி பக்கம் வந்தால் கடையில் வாங்கிக்கொண்டு போ. திருப்பித் தரும்போது உப்பைத் துடைத்துக் கொடு.