இயந்திரம் எழுதிய பாட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர் முத்தாரம்மன் கோவில் கொடை விழா மலருக்கு, இளைஞர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியால் ஆக்கிய கவிதையைத் தம் பெயரில் கொடுத்திருக்கிறார். வில்லுப்பாட்டுக் கதையையும் அவ்வாறே எழுதி வாங்கினால் செலவு குறையும் என்று விழாக் குழுவினர் சிலர் கூறுகின்றனர். ஏற்பதா, விலக்குவதா?
- வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: கவிதையை விலக்க வேண்டியதில்லை, ஆனால் எதனைக் கொண்டு ஆக்கினார் என்பதையும் அதன் அடியிலேயே அச்சிடுங்கள். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கணினி ஆக்கிய படைப்புக்கு அதனை ஆக்குவித்தவரையே ஆசிரியராகக் கொள்கிறது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றோ, மனிதர் ஆசிரியராக இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இன்றைய செயலிகளை 1994இல் எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது என்பதால், சட்டம் தெளிவடையும்வரை காத்திராமல், விழாக் குழுக்களும் பள்ளிகளும் இதழ்களும் (எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்) தமக்கென ஒரு நெறியை வகுத்துக்கொள்வதே முறை. பிழையோ பிறர் வரியோ இருந்தால் பெயர் போட்டுக்கொண்டவரே பதில் சொல்ல வேண்டும் என்பது அந்நெறியில் முதலாவதாக இருக்கட்டும்.

அதற்காக, வந்த கவிதைகளையெல்லாம் மென்பொருளில் இட்டு விசாரணை நடத்த வேண்டாம். இயந்திர எழுத்தைக் கண்டறியத் தான் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று, சாட்ஜிபிடி செயலியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. சொந்தமாக எழுதிய மாணவி ஒருத்தியைப் பொய் சொன்னவளாக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை.

வில்லுப்பாட்டு வேறு. நம் குமரி மாவட்டத்துக் கொடைகளில் பாடப்படும் கதைகளுள் பல, அநியாயமாக உயிரிழந்து தெய்வமானவர்களுடையவை. கேட்டிருப்போர் அத்தெய்வத்தைக் குலதெய்வமாகக் கும்பிடுபவர்கள். உறவுமுறை ஒன்று பிசகினாலும் முன்னால் அமர்ந்திருக்கும் பெரியவர் அங்கேயே திருத்துவார். சாமியாடிக்கு அருள் வரும் வேளையில், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலின் வேகத்தைக் கூட்டிப் பாட்டை நீட்டுவதா, கதையைத் தொடர்வதா என்பதை, வில்லடித்துக் கதை பாடும் புலவர் அக்கணத்திலேயே முடிவு செய்கிறார். அச்சேறாத உங்கள் ஊர்க் கதையைச் செயலி அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறியாத இடத்தில் வேறோர் ஊர் மாடன் கதையைத் தங்குதடையின்றி ஒட்டவைத்துவிடும். செலவு குறையும் என்ற வாதமும் எனக்கு விளங்கவில்லை. கதைக்கென்று தனிக்கூலி கேட்கும் புலவரை நான் அறிந்ததில்லை. குறைப்பதாயின், குடமும் உடுக்கும் வாசிப்பவர்களின் ஊதியத்தில்தான் கைவைக்க வேண்டியிருக்கும்.

மறைந்த புலவர் ஒருவரின் பழைய ஒலிநாடாவைக் கொண்டு அவர் குரலிலேயே பாடவைக்கலாம் என்றும் நாளை யாரேனும் சொல்லக்கூடும். 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்த ஏ. ஆர். ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அந்த அளவாவது செய்யாமல் எவர் குரலையும் தொட வேண்டாம்.

புலவரே விரும்பிச் செயலியிடம் எதுகை தேடினால் அது அவர் உரிமை. குழு அதில் தலையிட வேண்டியதில்லை.