வாடகைக்கு விடச் சென்னையில் வீடு: எந்தப் பகுதியில் வாங்குவது?

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வின்போது கிடைத்த பணத்திலிருந்து 45 லட்சம் ரூபாயில் சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டிக் கட்டப்பட்டுவரும் ஒரு குடியிருப்பைத் தரகர் காட்டினார். மெட்ரோ ரயில் வரப்போகிறது, மூன்று ஆண்டுகளுக்கு வாடகை உத்தரவாதம் உண்டு என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் கேட்கிறார். உறவினர்கள் குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் பார்க்கச் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வதே சரி. வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தான் குடியிருக்க வீடு பார்ப்பவர் பத்தாண்டு கழித்து அந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசிக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்குக் குடிவரப் போகிறவர், நாளைக் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். அவர் எங்கே வேலை பார்க்கிறார், அங்கே எதில் ஏறிப் போகிறார், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பார் என்ற மூன்றுக்கும் இன்றைக்கே விடை உள்ள பகுதியில்தான் வீடு காலியாகக் கிடக்காது.

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை உள்ள பகுதிக்கு அந்த விடை இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயிலில் கிண்டிக்கும் எழும்பூருக்கும் குறைந்த செலவில் போய்வரலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் இயங்குகிறது. அதன் அருகில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியும், கிழக்குத் தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரியும் இருக்கின்றன. ஒரே தொழிலை நம்பியிராத பகுதி என்பதுதான் இதன் பலம். 2020-இல் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த பலர் மாதக்கணக்கில் ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். மருத்துவமனை ஊழியரும் ரயில்வே ஊழியரும் ஆசிரியரும் குடியிருக்கும் தெருக்களில் அவ்வளவு பெரிய வெற்றிடம் விழவில்லை. அம்பத்தூர்ப் பக்கமும் தொழிற்பேட்டையால் இதே தன்மையுடையதுதான். ஆனால் கும்பகோணத்திலிருந்து ரயிலேறினால் தாம்பரத்தில் இறங்கி, வீட்டைப் பார்த்துவிட்டு அன்றிரவே நீங்கள் திரும்பிவிடலாம். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அது சிறிய வசதி அன்று.

இதற்குள்ளும் தெருவுக்குத் தெரு வேறுபாடு உண்டு. நிலையத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிடம் நடக்கும் தொலைவுக்குள் தேடுங்கள். 'தாம்பரத்துக்கு அருகில்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் காட்டுவார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த இடங்கள் அவை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் சூழ்ந்தது. குரோம்பேட்டை நாகல்கேணி, பம்மல் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் இருக்கின்றன. அங்கே போர் தண்ணீரை வாளியில் பிடித்துப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். வீட்டைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை மழையில் போங்கள். 2015-இல் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பது தெருமுனையில் இஸ்திரி போடுபவருக்குத் தெரியும். தரகரிடம் அந்தப் பதில் கிடைக்காது.

மெட்ரோவைப் பற்றி. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை தடம் போடும் வேலை நடக்கிறது என்பது உண்மை. ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை வெறும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதையை நீட்டும் வேலை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்ததை இந்த நகரம் பார்த்திருக்கிறது. அது வந்துவிடும் என்று நம்பி ஆதம்பாக்கத்திலும் உள்ளகரத்திலும் கூடுதல் விலை கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். அருகே இறங்க ஒரு ரயில் நிலையம் அன்று இல்லை. திட்டத்தை அறிவிக்கும் வேகத்தில் பாதியையாவது முடிப்பதில் காட்டினால், உங்களைப் போன்றவர்கள் அறிவிப்பை நம்பி ஏமாறும் நிலை வராது. வரப்போகும் வசதிக்கு உரிய விலையைக் கட்டுநர் இன்றே வாங்கிவிடுகிறார், காத்திருக்கும் ஆண்டுகள் மட்டும் உங்களுடையவை ஆகின்றன.

வாடகை உத்தரவாதம் அதைவிட மோசமான வலை. மாதம் 15,000 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 5,40,000 ரூபாய். அந்தத் தொகை முன்னதாகவே வீட்டின் விலையில் ஏற்றப்பட்டிருக்கும், அதாவது உங்கள் பணமே உங்களுக்கு மாதத் தவணையாகத் திரும்பி வரும். நான் மதிப்பிட்ட ஒரு வீட்டில் பதினான்கு மாதம் ஒழுங்காக வந்த தொகை திடீரென்று நின்றது. உத்தரவாதம் எழுதிக் கொடுத்தது கட்டுநர் அன்று, தனியாகத் தொடங்கப்பட்ட ஒரு பராமரிப்பு நிறுவனம் என்பதும், அதன் அலுவலகம் காலி செய்யப்பட்டுவிட்டது என்பதும் அதன் பிறகே அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. நல்ல வாடகை கிடைக்கும் இடத்தில் உத்தரவாதம் கொடுத்து விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இனி உங்கள் பணம் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். கட்டுநர் முதன்முறையாக விற்கும் புது வீட்டுக்கு, விலை 50 லட்சம் வரை இருந்தால், 2023 டிசம்பர் முதல் முத்திரைத் தீர்வை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆக 6 சதவீதம்தான். ஆனால் நீங்கள் நாடவேண்டிய பழைய வீட்டுக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம் கட்ட வேண்டும்; சிறு சேமிப்பில் பழைய வீடு வாங்குபவரிடம் அதிக விகிதம் வசூலிக்கும் இந்த ஏற்பாட்டை நான் எப்படி யோசித்தும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆகவே வீட்டு விலை 39 லட்சத்தைத் தாண்டக்கூடாது: பதிவுச் செலவு 3,51,000 போக மீதமுள்ள 2,49,000 ரூபாய், தரகு, வழக்கறிஞர் கருத்து, வெள்ளையடித்தல், மோட்டார் பழுது ஆகியவற்றுக்கே சரியாக இருக்கும். அந்த விலைக்குப் பதினைந்து, இருபது ஆண்டு பழைய வீட்டைப் பொறுமையாகத் தேடுங்கள். பழைய வீடு என்று தயங்க வேண்டாம். சிறிய அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு உரிய பிரிபடாத மனைப் பங்கு, அதாவது தரகர்கள் யூ.டி.எஸ். என்று சொல்வது, பல மாடிக் கட்டடங்களைவிட அதிகமாக இருக்கும். சுவர் தேயும், விலை ஏறுவது அந்த மண்ணுக்குத்தான்.

புது வீடுதான் வேண்டும் என்று மனம் போனால், ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், பதிவு எண் கேளுங்கள். இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விலைக்குள் வரும் புது வீடுகள் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டுக்குள், எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினால் ரெரா பதிவு தேவையில்லை. இது சட்டப்படி சரியான விலக்கு. பதிவு எண் இல்லை என்பதாலேயே அந்தக் கட்டுநரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் அந்த எட்டு எண்ணப்படும். பதினாறு வீட்டுத் திட்டத்தை 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்று இரண்டாக்கி, நடுவே ஒரு சுவரை எழுப்பி, எட்டு எட்டாகக் காட்டுவது விலக்கு ஆகாது. இரண்டு கட்டடங்களுக்கும் ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே தாய்ப் பத்திரம் என்றால் விலகிவிடுங்கள். உண்மையாகவே எட்டுக்குள் அடங்கும் கட்டடம் என்றால், நாளைக்கு ஏதேனும் தகராறு வந்தால் ரெரா ஆணையத்தின் கதவு உங்களுக்குத் திறக்காது, உரிமையியல் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோதான் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். அதனால் அங்கே அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத மேல்மாடி வீடுதான் பெரும்பாலும் 'கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்' என்று விற்கப்படுவது.

வாடகை வரவைப் பற்றியும் மிகையான எண்ணம் வேண்டாம். 39 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 14,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருப்பதும், சொத்து வரியும், பழுதுகளும் கழித்து 1,34,000 ரூபாய் மிஞ்சலாம். போட்ட பணத்தில் ஏறத்தாழ 3 சதவீதம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் கொடுக்கிறது. அதில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். மண்ணின் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கைக்காக இந்த வேறுபாட்டைத் தாங்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். மாதச் செலவுக்கு இந்த வாடகையை நம்பியிருந்தால் பாதிப் பணமாவது அஞ்சலகத்துக்குப் போகட்டும், வீடு வேண்டாம்.

வாங்கிய பின் வரும் ஆபத்து வேறு. நீங்கள் வெளியூரில் இருப்பதால், வாடகை வசூலிக்கவும் ஒப்பந்தம் போடவும் வசதி என்று சொல்லித் தரகர் பொது அதிகாரப் பத்திரம் கேட்பார். அதில் 'விற்கவும்' என்ற ஒரு சொல் நுழைந்தால் வீடே கைமாறிவிடும். எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று சொல்வார்கள். குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கும் நாளில் அந்தத் தாளுக்கு வலு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு டோக்கன் கொடுக்காதீர்கள். அந்த வீட்டுக்கு இன்னொருவர் காத்திருக்கிறார் என்று தரகர் சொன்னால், அவருக்கே போகட்டும். நாளை நீங்கள் குரோம்பேட்டையில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும், தாய்ப் பத்திரத்தின் நகல், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், பட்டா, அனுமதி வரைபடம், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது ஆகிய ஐந்தும் உங்கள் வழக்கறிஞர் கைக்கு வந்து அவர் சரியென்று எழுதிக் கொடுக்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அதன் பிறகும் பணமாகக் கொடுக்காமல், சொத்தின் உரிமையாளர் பெயருக்குக் காசோலையாக மட்டும் கொடுங்கள், தரகர் பெயருக்கு வேண்டாம்.