படை போகட்டும், யாருக்குப் பதில் சொல்லும்?

அன்புள்ள ஐயா,

கரீபியன் நாடான ஹைதிக்குப் புதிதாகப் போன வெளிநாட்டுப் படையைக் குறை சொல்லி எழுதியிருந்தீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஐ.நா. படை இறங்கியிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்? ஐ.நா. தலையிட வேண்டும் என்றுதானே அன்று நாமெல்லாம் தெருவில் நின்றோம்? அங்கே வேண்டும், இங்கே வேண்டாம் என்றால் எப்படி?

செல்வம், தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வம்,

படை போவதே தப்பு என்று நான் எழுதவில்லை. போன படை தப்புப் பண்ணினால் ஊர்க்காரன் எங்கே போய்க் கேட்பான்?

2010 அக்டோபரில் ஐ.நா.வின் நேபாளப் படை முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்து ஹைதியில் காலரா பரவியது. சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். ஐ.நா. மீது வழக்குத் தொடர முடியாது என்று 2015இல் கோர்ட் தள்ளிவிட்டது. அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. அறிவித்த 40 கோடி டாலரில் வந்து சேர்ந்தது சொற்பம். அதே ஹைதியிலிருந்து 2007இல் பாலியல் சுரண்டல் புகாரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எந்த நாட்டு வீரர்கள் தெரியுமா? இலங்கை. முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேட்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கதையும் உண்டு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் உங்கள் பேட்டைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. நம் வீரர்களே ஆயிரத்துக்கும் மேல் அங்கே செத்திருந்தார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் 1987 அக்டோபரில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுடப்பட்டார்களே, அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இனி 2009. உள்ளூர் அரசு சம்மதித்தால்தான் ஐ.நா. அமைதிப்படை வரும், கொழும்பு சம்மதித்திருக்காது. மீறி அனுப்பப் பாதுகாப்பு சபையால் முடியும், ஐந்து வல்லரசுகளில் ஒன்றும் வீட்டோ போடாவிட்டால். அந்தச் சபையோ இலங்கையை முறையான நிகழ்ச்சி நிரலில்கூடச் சேர்க்கவில்லை. வன்னியிலிருந்த ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் 2008 செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டார்கள், போகாதீர்கள் என்று ஜனங்கள் வாசலில் நின்று கெஞ்சியும். துப்பாக்கி இல்லாத அந்தச் சிலர் இருந்திருந்தாலே, பார்க்க ஆளிருக்கிறது என்று சுடுகிறவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்கள். அந்த மட்டில் உங்கள் கட்சிதான் நான்.

ஹைதிக்கு 2024 ஜூனில் கென்யா தலைமையில் போனதும் அந்த நாடு கேட்டு வாங்கிய படைதான். போனதற்காக நான் கோபப்படவில்லை. காலராவில் செத்தவர்களின் கணக்கை ஐ.நா. தீர்க்காமலே அடுத்த படை போனது, அதற்குத்தான் எழுதினேன்.